டானிக்கைக் குடித்தது யார்?

(பட்டிமன்றத் தலைப்பு: மக்கள் நலம் காக்கப் பெரிதும் துணை நிற்பது மருத்துவ அறிவா? சமுதாய அறிவா? 'சமுதாய அறிவே!' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, இந்த அரங்கத்தையே ஓர் ஆஸ்பத்திரி வார்டாக மாற்றிவிட்டுப் போயிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டில் கரும்பைக் கடித்துக்கொண்டே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற அன்பு உள்ளங்களே! 

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போவீர்களா, சமூகவியல் பேராசிரியரிடம் போவீர்களா?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். ஐயா, இந்தக் கேள்வியை எங்கள் வீட்டு வாசலிலேயே ஒருத்தர் என்னிடம் கேட்டுவிட்டார்.

நானும் டாக்டர்தான். பி.எச்.டி. டாக்டர். போடிநாயக்கனூரில் வீடு கட்டியபோது ஆசை ஆசையாக 'டாக்டர்' என்று போட்டு ஒரு பெயர்ப்பலகை மாட்டினேன். மூன்றாம் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைப் படபடவென்று தட்டுகிறார்கள். திறந்தால், தோளில் பிள்ளையோடு ஒரு தகப்பன். "சார், பிள்ளைக்குச் சாயங்காலத்துல இருந்து வயித்தால போகுது. கொஞ்சம் பாருங்க சார்." நான் சொன்னேன், "ஐயா, நான் சங்க இலக்கியத்தில் டாக்டருங்க." அந்த மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதை வச்சு யாருக்கு என்னங்க குணமாகும்?" (பலத்த சிரிப்பு)

உடனே ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். மறுநாள் பலகையைக் கழற்றினேன். பலகை கழன்றுவிட்டது. அவர் கேட்ட கேள்வி மட்டும் கழலவே இல்லை. அதற்கு இன்றைக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

நடுவர் அவர்களே, இந்தப் பட்டிமன்றம் உங்களுக்கு இன்றைக்கு ஒரு நாள். எங்கள் வீட்டில் ஆறு மாதமாக நடக்கிறது. என் அக்காவின் பேத்தி பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்திருக்கிறாள். என்னைத் தாத்தா என்பாள். முடிக்கு மை அடித்து, பவுடர் போட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை "தாத்தா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனையும் கலைந்துவிடும். (சிரிப்பு)

அவள் வந்து சொன்னாள், "தாத்தா, நான் யுனிவர்சிட்டியில பொது சுகாதாரம் படிக்கப் போறேன். எம்.பி.எச்."

"அப்படின்னா என்ன தாயி?"

"மனுஷனோட உடம்பும் அவன் வாழுற சமுதாயமும் எப்படிப் பின்னிக் கிடக்குன்னு படிக்கிறது தாத்தா."

"படிச்சா டாக்டரா?" "இல்ல." "நர்ஸா?" "இல்ல." "ஊசியாவது போடத் தெரியுமா?" "தெரியாது." "அப்புறம் எதுக்கு?"

அவள் அம்மா, அதாவது என் அக்கா மகள், அழாத குறை. "மாமா, பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட என்ன படிச்சிருக்கான்னு சொல்றது? நோயும் தெரியும், மருந்து தெரியாதுன்னு சொல்றதா?" (சிரிப்பு)

உண்மையைச் சொல்கிறேன். வீட்டுப் பட்டிமன்றத்தில் நான் எதிரணி. "கண்ணு, எதுக்கு இந்தப் பேர் தெரியாத படிப்பு? ஒரு பி.எட். முடி, வாத்தியார் வேலைக்குப் போ" என்று சொன்னவன் நான். அந்தப் பிள்ளை என்னை எப்படி அணி மாற வைத்தாள் என்பதுதான் இன்றைக்கு என் வாதம்.

முதலில் அவள் என் துறையிலேயே கை வைத்தாள். "தாத்தா, திருக்குறள்ல 'மருந்து' அதிகாரத்துல எத்தனை மருந்து பேரு வருது?" நான் யோசித்துப் பார்த்தேன். தொண்ணூற்றைந்தாவது அதிகாரம். பத்துக் குறளில் ஆறு குறள் சாப்பாட்டைப் பற்றி. எப்போது சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது, எது ஒத்துக்கொள்ளும் என்று பேசுகிறார். நோயைப் பார், அதன் காரணத்தைத் தேடு, பிறகு தணிக்கும் வழியைத் தேடு என்று ஒரு குறளில் வரிசை போட்டுக் கொடுக்கிறார். ஒரு சூரணம், ஒரு லேகியம் பெயர்கூடக் கிடையாது! (கைதட்டல்) புறநானூற்றில் ஒரு சோழ மன்னன், சிறுகுடி என்ற ஊரின் தலைவன் பண்ணனைப் பாடும்போது, பசி என்ற நோய்க்கு அவன் வைத்தியன் என்கிறான். பண்ணன் எம்.பி.பி.எஸ். படித்தவன் இல்லை. சோறு போட்டவன். அவனை வைத்தியன் என்று சொன்ன மொழி நம்முடைய மொழி.

சரி, எதிரணி நண்பர் அம்மைத் தடுப்பூசியைச் சொன்னார். "பெரியம்மையை ஒழித்தது மருத்துவ அறிவு" என்று மேசையைத் தட்டினார். நானும் தட்டுகிறேன். எட்வர்ட் ஜென்னர் அம்மைக்குத் தடுப்பு கண்டுபிடித்தது 1796. இந்தியாவைவிட்டுப் பெரியம்மை போனது 1975. நடுவில் 179 வருஷம் ஐயா! மருந்து இருந்தது, அம்மையும் இருந்தது. கடைசியில் என்ன செய்தார்கள்? சுகாதார ஊழியர்கள் அம்மைப் படம் போட்ட அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, வீடு வீடாக ஏறி, "இந்த மாதிரி யாருக்காவது போட்டிருக்கா?" என்று கேட்டார்கள். சந்தையில் கேட்டார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். தகவல் சொன்னவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். 'ஆத்தா வந்திருக்கா' என்று வேப்பிலை கட்டி உள்ளே வைத்திருந்த குடும்பத்தைக் கோபப்படாமல் பேசி வெளியே வரவைத்தார்கள். ஊசி செய்தது பாதி. வாசல்படி ஏறியது மீதி. (கைதட்டல்)

அடுத்து காசநோய்க்கு வந்தார் இன்னொரு நண்பர். நல்ல உதாரணம்தான் சொன்னார். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்து நல்ல சாப்பாடு, ஓய்வு கொடுத்தார்கள். மீதிப் பேரை நெருக்கடியான அவரவர் வீட்டிலேயே வைத்து மருந்து மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். 1959-ல் வெளிவந்த அந்த முடிவு உலகத்தையே மாற்றியது. "பார்த்தீர்களா, சாப்பாடு இல்லாமலேயே மருந்து ஜெயித்துவிட்டது" என்றார் நண்பர்.

ஐயா, பாதிக் கதை சொன்னீர்கள். மீதியை நான் சொல்கிறேன். அந்த வீட்டு மாத்திரை தானாகவா தொண்டைக்குள் போனது? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள்.  கூலிக்காரன் ஒரு வருஷம் சானடோரியத்தில் படுத்துவிட்டால் அவன் குடும்பத்துக்கு யார் சோறு போடுவது? இது மருந்துச் சீட்டில் வராத கேள்வி. அதற்கும் வழி காட்டிய ஆராய்ச்சி அது.

இன்னும் கேளுங்கள். பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தில் டி. பானர்ஜி என்று ஒருவர். டாக்டர். அதோடு மானிடவியலும் படித்தவர். தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் போய்க் கேட்டார்கள். அதுவரைக்கும் என்ன நினைப்பு? கிராமத்து ஜனங்களுக்கு அறிவு போதாது, நோய் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள் என்று நினைப்பு. போய்க் கேட்டால், நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் தாங்களாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? இருமல் மருந்து! (சிரிப்பு) இருமல் தண்ணியை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அறியாமை யாரிடம் இருந்தது என்று நான் சொல்லவில்லை, தும்கூர் கிராமம் சொன்னது. 1962-ல் வந்த தேசியக் காசநோய்த் திட்டத்துக்கு இப்படிப்பட்ட ஆராய்ச்சிகள்தான் அஸ்திவாரம்.

சாப்பாடு வேண்டாம் என்றீர்களே? ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கும் சேர்த்து மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.  அரிசியும் பருப்பும்! (கைதட்டல்) ஏன் குடும்பத்துக்கே கொடுத்தார்கள்? நோயாளிக்கு மட்டும் கொடுத்தால், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாரா? இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவேன்.

இதையெல்லாம் அந்தப் பிள்ளை சொன்னபோதும் நான் மசியவில்லை. "இதெல்லாம் தும்கூர், ஜார்க்கண்ட். நம்ம போடியில இந்தப் படிப்புக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். அப்போதுதான் அவள் என்னை மலை ஏற்றினாள்.

எங்கள் ஊர் ஏலக்காய் ஊர். ஏலத்தையே ஏலம் விடுகிற ஊர்! (சிரிப்பு) கடைத்தெருவில் நடந்தாலே வாசனை. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. இருட்டு விலகுவதற்கு முன்னாலேயே ஜீப்புகள் கிளம்பும். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள். கேரளத்துப் பக்கம் பூப்பாறை, சாந்தம்பாறை என்று தோட்டங்களுக்குப் போய், காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார்கள். ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையை ஒட்டிக் காய்க்கும். குத்தவைத்துக் குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஏலச்செடிக்கு என்ன பிடிக்கும்? நிழல் பிடிக்கும், ஈரம் பிடிக்கும், மக்கிய மண் பிடிக்கும். இதே மூன்றும் இன்னொரு ஜீவனுக்கும் பிடிக்கும். கொக்கிப்புழு! ஈர மண்ணில் கிடக்கும் அதன் குஞ்சு, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். போய்க் குடலைக் கவ்விக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். மனுஷருக்குச் சோகை வரும். மருந்து உண்டா? உண்டு. மாத்திரை போட்டால் புழு போகும். ஆனால் மறுநாள் அதே வெறுங்காலோடு, கழிப்பறை இல்லாத அதே தோட்டத்து மண்ணில் இறங்கினால்? புழு திரும்பி வரும். 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபோது குடிநீர், கழிப்பறை, வீடு, மருத்துவ வசதி எல்லாம் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று எழுதினார்கள். அது தொழிலாளர் சட்டம்தான், ஆனால் அதற்குள்ளேதான் கொக்கிப்புழுவுக்கு மருந்து இருந்தது. சின்னத் தோட்டங்கள் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் போனது சின்னத் தோட்டங்களுக்கு.

நாட்டு நிலையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கிடைக்காத ஊரா இது? இல்லையே. பிறகு ஏன்?

இந்த 'ஏன்' என்கிற இடத்தில்தான் அந்தப் பிள்ளை என்னைக் கேட்டாள். "தாத்தா, என் பாட்டிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த டானிக்கை யாரு குடிச்சது?"

நடுவர் அவர்களே, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் குடும்பம் போடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தது. என்னைப் படிக்க வைத்தது என் அக்கா. ஏலக்காய் எடுத்த கூலியில் படிக்க வைத்தார்கள். 1984. நான் பத்தாம் வகுப்பு. அக்காவுக்குக் கல்யாணமாகி முதல் பிரசவத்துக்கு வீட்டில் இருக்கிறார்கள். இருக்கிறார்கள் என்றால் சும்மா இருக்கவில்லை, ஆறாம் மாதம் வரைக்கும் ஜீப்பு ஏறினார்கள். தோட்டத்தில் கங்காணி, "என்ன மசமசன்னு நிக்கிறே?" என்று ஏசுவாராம். உடம்பில் ரத்தம் இல்லை, அதனால் நின்றார்கள்.

டாக்டரிடம் போனார்கள். நல்ல டாக்டர். கண்ணை விலக்கிப் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், "ரத்தமே இல்லம்மா." இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். அக்கா வாங்கிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பரீட்சை நேரம். ராத்திரி சிம்னி விளக்கில் படித்துக்கொண்டிருப்பேன். கரண்டியோடு வந்து நிற்பார்கள். "கண்ணு முழிச்சுப் படிக்கிற பிள்ளை. ரெண்டு கரண்டி குடி ராசா. எனக்கு அது குமட்டுது." குமட்டுகிறது என்பதை நான் நம்பினேன். எங்கள் அம்மாவும் நம்பினார்கள். அடுத்த தடவை டாக்டர் கேட்டார், "டானிக் முடிஞ்சுதாம்மா?" "முடிஞ்சுதுங்க." இன்னொரு பாட்டில் எழுதினார். அதுவும் முடிந்தது. சீட்டைப் பார்த்தால் எல்லாம் சரி. மருந்து கொடுத்தாயிற்று, பாட்டிலும் காலி.

அந்த வருஷம் எனக்குக் கணக்கில் 92 மார்க்.

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ரொம்பச் சின்னப் பிள்ளை. மூன்றாம் நாள் போய்விட்டது.

அந்த டானிக்கால்தான் போனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐயா, அந்த டானிக் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். உங்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிற இந்த உடம்புக்குள் போனது. (அரங்கில் அமைதி)

மருத்துவ அறிவு எங்கே தவறியது? எங்கேயும் தவறவில்லை. நோய் சரி, மருந்து சரி. அது எங்கள் வீட்டு வாசலில் நுழைந்தவுடனே வேறு ஒரு சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. முதலில் அப்பா சாப்பிடணும். அப்புறம் படிக்கிற பையன். அப்புறம் அம்மா. கடைசியில் அக்கா, மிஞ்சின கஞ்சியும் ஒட்டின வெஞ்சனமும். டானிக்கும் அதே வரிசையில்தான் போனது! அந்தச் சட்டம் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வீடு மனப்பாடம்.

இரண்டு வருஷம் கழித்து அக்கா மறுபடி கர்ப்பம். இந்த முறை கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு அம்மா வீட்டுக்கே வந்தார்கள். அடுப்படி வாசலில் உட்கார்ந்து மூன்றே கேள்வி கேட்டார்கள். "தோட்டத்துல வெளிக்கு எங்க போறே? காலுக்குச் செருப்பு உண்டா? இந்த வீட்டுல கடைசியா சாப்பிடறது யாரு?" நாங்கள் யாரும் வாயே திறக்கவில்லை. மலம் சோதித்தார்கள், புழு இருந்தது. அதற்கு மருந்து கொடுத்தார்கள். எங்கள் அப்பாவைப் பார்த்து, "ஐயா, முதல்ல ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுங்க" என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தங்கள் கண் முன்னாலேயே விழுங்க வைத்தார்கள். எங்கள் அம்மாவிடம், "இது உங்க மகளுக்கு மட்டும்" என்றார்கள். என்னையும் ஒரு பார்வை பார்த்தார்கள். (சிரிப்பு) அந்தப் பிரசவத்தில் பிறந்தவள்தான், "பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட என்ன சொல்றது மாமா?" என்று கேட்டாளே, அந்த அக்கா மகள். அவள் பெற்ற பிள்ளைதான் இன்றைக்கு இந்தப் படிப்பைக் கேட்கிறாள். (கைதட்டல்)

அந்தச் செவிலியர் அம்மா தன் அனுபவத்தில் கேட்ட மூன்று கேள்வியை, முறைப்படி ஒரு பாடமாக்கி, ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் ஐயா அந்தப் படிப்பு! நோய் யாருக்கு வருகிறது, ஏன் அவருக்கு வருகிறது என்று கணக்கெடுக்கக் கற்றுத் தருகிறார்கள். புள்ளியியல், சமூகவியல், மானிடவியல், பொருளாதாரம், சட்டம் எல்லாம் அதில் வரும். இது நேற்று முளைத்ததும் இல்லை. 1946-லேயே போர் கமிட்டி, டாக்டருக்குப் படிக்கிறவர்கள் மூன்று மாதம் சமுதாய மருத்துவம் பயில வேண்டும் என்று எழுதியது. தும்கூர் ஆராய்ச்சி செய்த பானர்ஜிதான் பின்னால் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத்துக்கென்றே ஒரு மையத்தை உருவாக்கினார். நமக்குப் பக்கத்தில், திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராமத்தில் 1964-லேயே கிராம சுகாதாரத்துக்கு ஒரு பயிற்சி நிறுவனம் வந்துவிட்டது. இங்கெல்லாம் டாக்டர்கள் மட்டும் படிக்க வேண்டும் என்று இல்லை. பல பல்கலைக்கழகங்களில் எந்தப் பட்டம் வாங்கியவர்களும் எம்.பி.எச். சேரலாம்.

"வேலை கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சுகாதாரத் திட்டங்களில் உண்டு, ஆராய்ச்சி நிறுவனங்களில் உண்டு, தொண்டு நிறுவனங்களில் உண்டு. எம்.பி.பி.எஸ். மாதிரி வாசலில் பலகை மாட்ட முடியாது. பலகை மாட்டி நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமே! (சிரிப்பு)

எதிரணி நண்பர்களே, மருந்து வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. மருந்தைத் தொண்டை வரைக்கும் கொண்டு போகிற வழி தெரிய வேண்டும் என்கிறோம். யாருடைய தொண்டை என்றும் தெரிய வேண்டும் என்கிறோம்.

அந்த நடுராத்திரிக்காரர் கேட்டாரே, "அதை வச்சு யாருக்கு என்னங்க குணமாகும்?" என்று. 1854-ல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்கள் எந்தப் பம்பில் தண்ணீர் எடுத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். காலராக் கிருமியை ராபர்ட் காக் கண்டு சொன்னது அதற்கு முப்பது வருஷம் கழித்து! அவர் கைப்பிடியைக் கழற்றினார். நான் என் பெயர்ப்பலகையைக் கழற்றினேன். அவ்வளவுதான் வித்தியாசம். (சிரிப்பு, கைதட்டல்) பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது சரி. ஆனால் அனுப்பும்போது நான் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும். "ஐயா, எந்தக் குழாய்த் தண்ணி குடிச்சான்? உங்க தெருவுல இன்னும் எத்தனை பிள்ளைக்கு இப்படி?" டாக்டர் அந்த ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவார். இந்தக் கேள்வி தெருவையே காப்பாற்றும்.

வரும் கல்வியாண்டில் எங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் படிப்பில் சேருகிறாள். சம்பளம் கட்டப்போவது யார் என்று கேட்கிறீர்களா? அந்த டானிக்கைக் குடித்தவன்தான் கட்டப்போகிறான். (பலத்த கைதட்டல்)

என் அக்கா இப்போது போடியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்குப் பொங்கல் சாப்பாடு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரலாம் என்று இன்னும் நின்றுகொண்டிருப்பார்கள். எனக்குத் தெரியும். அக்கா, அந்தக் கரண்டியைப் பிள்ளைகிட்ட கொடுத்துட்டு, இன்னைக்கு நீங்க முதல்ல உட்காருங்க.

மக்கள் நலம் காக்கப் பெரிதும் துணை நிற்பது சமுதாய அறிவே என்று தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே! 

(நீண்ட கைதட்டல்)